வீட்டிலேயே ஒரு எளிய மர மேசை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதன்முறையாக மரவேலையில் கை வைப்பவர்களுக்காக எழுதியது இது. மேசை என்று இங்கே சொல்வது நான்கு கால், அவற்றை இணைக்கும் நான்கு பக்கச் சட்டம், மேலே ஒரு பலகை. இழுப்பறை, மடக்கும் கால் எதுவும் கிடையாது. எடுத்துக்காட்டுக்கு 120 செ.மீ. நீளம், 60 செ.மீ. அகலம், 75 செ.மீ. உயரம் என்று வைத்துக்கொள்வோம். படிக்க, எழுத, கணினி வைத்து வேலை பார்க்க இந்த அளவு போதும்.

மரவேலையே தெரியாத ஒருவர் மேசை செய்ய முடியுமா?

முடியும். மேசையில் வளைந்த பாகம் எதுவும் இல்லை, எல்லாமே நேர்கோடும் செங்கோணமும்தான். கோட்டை ஒட்டி நேராக அறுக்கவும், செங்குத்தாகத் துளை போடவும் பழகினால் போதும். அதைக் கழிவுத் துண்டுகளில் ஒரு மாலை முழுக்க அறுத்தும் துளைத்தும் பழகிக்கொள்ளலாம். நல்ல மரத்தில் பழகாதீர்கள்.

கைத்திறனைவிட முக்கியமாக இரண்டு விஷயம் புரிந்திருக்க வேண்டும். காலும் சட்டமும் சேரும் மூட்டு கொஞ்சமும் அசையக்கூடாது. மேற்பலகையோ அசைவதற்கு இடம் கொடுத்துத்தான் பொருத்தப்பட வேண்டும். ஆடும் மேசை, நடுவே வெடித்த மேசை என்று நான் பார்த்தவற்றில் பெரும்பாலானவை இந்த இரண்டில் ஒன்றைத் தவறவிட்டவைதான். கீழே வரும் பதில்களில் பாதி இதைச் சுற்றியே இருக்கும்.

என்னென்ன அளவில் வெட்ட வேண்டும்?

மேற்பலகை 120 × 60 செ.மீ., கனம் 2.5 செ.மீ. கால்கள் நான்கு, 6 × 6 செ.மீ. சதுரம், நீளம் 72.5 செ.மீ. மேற்பலகையின் கனமும் சேர்ந்து 75 ஆகிவிடும். பக்கச் சட்டங்கள் 9 செ.மீ. அகலம், 2.5 செ.மீ. கனம். மேற்பலகை எல்லாப் பக்கமும் 5 செ.மீ. வெளியே நீட்டிக்கொண்டிருக்கட்டும். அப்படியானால் காலும் சட்டமும் சேர்ந்த சட்டகத்தின் வெளி அளவு 110 × 50. அதில் இரண்டு காலின் 12 செ.மீ. போக, நீளச் சட்டம் 98, குறுக்குச் சட்டம் 38. மூட்டுக்காக இரு முனையிலும் காலுக்குள் செருகும் 3 செ.மீ. நாக்கு விடுவதால் வெட்டும் நீளம் 104, 44.

சட்டத்தின் அடியில் தொடைக்கு இடம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இந்த அளவில் தரையிலிருந்து 63.5 செ.மீ. கிடைக்கிறது, நாற்காலியில் உட்கார அது போதும். சட்டத்தை இன்னும் அகலமாக்கினால் முட்டி இடிக்கும். ஒடுக்கமாக்கினால் மேசை தொய்யும். சட்டத்தைப் படுக்கவைக்காமல் நிறுத்தி வைப்பதற்கும் ஒரு காரணம் உண்டு. நிற்கும் உயரம் இரண்டு மடங்கானால் வளைவை எதிர்க்கும் விறைப்பு எட்டு மடங்காகும். கனத்தை இரட்டிப்பாக்கினால் விறைப்பும் இரண்டு மடங்குதான்.

நின்றுகொண்டே வேலை செய்ய மேசை வேண்டுமென்றால் இந்த உயரம் ஆகாது. நேராக நின்று முழங்கையைச் செங்கோணமாக மடக்கி, முழங்கை தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்து அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த மரம் நல்லது?

தேக்கு இருந்தால் கேள்வியே இல்லை. பூச்சி எளிதில் அண்டாது, ஈரத்துக்கு அதிகம் உப்பாது, உளிக்கும் இழைப்புளிக்கும் இணங்கும். ஆனால் முதல் மேசைக்குத் தேக்கு வேண்டுமென்று கட்டாயமில்லை. பைன் மென்மையானது, அறுக்க எளிது. அழுத்தி எழுதினால் தடம் விழும், அதைப் பொருட்படுத்தாதவருக்கு நல்ல மரம். ரப்பர் மரம் ஒரே சீராக இருக்கும், பெரும்பாலும் சிறு துண்டுகளை ஒட்டிய அகலப் பலகையாகவே கிடைக்கும். அதை வாங்கினால் மேற்பலகை ஒட்டும் வேலை மிச்சம். மாமரம் பார்க்க அழகு, ஆனால் சரியாகப் பதப்படுத்தாவிட்டால் சீக்கிரம் உளுத்துப் போகும்.

மரத்தின் பெயரைவிட, அந்தக் குறிப்பிட்ட பலகை எப்படி இருக்கிறது என்பதே முக்கியம். வைரம் பாய்ந்த நடுப்பகுதியும் ஓரத்து வெளிர் பகுதியும் ஒரே மரத்தில்தான் இருக்கின்றன. உளுக்கும் பூச்சிகளுக்குப் பெரும்பாலும் பிடித்தது அந்த வெளிர் பகுதி. தேக்கே ஆனாலும் வெளிர் பகுதி நிறைய இருந்தால் அந்தப் பலகை வேண்டாம்.

மரம் காய்ந்திருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இந்தக் கேள்வியைக் கேட்காமல் யாரும் மரம் வாங்க வேண்டாம். பச்சை மரத்தின் ஈரம் சுமார் 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கத் தொடங்கிய பிறகுதான் மரம் சுருங்க ஆரம்பிக்கிறது. வீட்டுக்குள் இருக்கும் மரம் காற்றின் ஈரத்தைப் பொறுத்துப் பெரும்பாலும் 8 முதல் 12 சதவீதத்தில் நிலைகொள்ளும். 20 சதவீத ஈரத்தோடு மேசை செய்தால், மீதிச் சுருக்கம் முழுவதும் மேசையான பிறகு நடக்கும். மூட்டு தளரும், பலகை முறுக்கிக்கொள்ளும்.

ஈரமானி இருந்தால் ஒரு நொடி வேலை. இல்லாவிட்டால் சமையலறைத் தராசு போதும். பலகையின் முனையிலிருந்து கொஞ்சம் தள்ளி ஒரு சிறு துண்டு அறுத்து, எடை போட்டு, மேசை இருக்கப்போகும் அறையில் வையுங்கள். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை எடை பாருங்கள். எடை குறைந்துகொண்டே போனால் மரம் இன்னும் காய்கிறது என்று பொருள். எடை நிலைத்து நின்றால், அந்தத் துண்டு எவ்வளவு இழந்தது என்று பாருங்கள். ஆரம்ப எடையில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குக்குள் இருந்தால் பலகையை நம்பலாம்.

எப்படிப்பட்ட மரமானாலும் வாங்கிய அன்றே அறுக்காதீர்கள். பலகைகளுக்கு நடுவே ஒரே கனமுள்ள மெல்லிய குச்சிகளை வைத்து, காற்று புகும்படி அடுக்கி, இரண்டு வாரம் வீட்டுக்குள் விட்டுவிடுங்கள். அந்தப் பலகை வளையப் போகிறதென்றால் இப்போதே வளையட்டும்.

மரக்கடையில் பலகையைத் தேர்ந்தெடுக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

பலகையின் ஒரு முனையைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து நீளவாக்கில் பாருங்கள். ஒரே பக்கமாக மெல்ல வளைந்திருந்தால் சிறு துண்டுகளாக அறுத்துச் சமாளிக்கலாம். முறுக்கியிருந்தால், அதாவது நான்கு மூலையும் ஒரே தளத்தில் உட்காராவிட்டால், விட்டுவிடுங்கள். கணு இறுகி இருந்தால் மேற்பலகையில் அழகுதான். காலிலும் மூட்டு வரும் இடத்திலும் கணு கூடாது. முனையில் விரிசல் இருந்தால் அது முடியும் இடத்துக்கு அப்பாலும் சில சென்டிமீட்டர் கழித்துவிட்டே கணக்குப் போடுங்கள். ஊசிமுனைத் துளையும் பக்கத்தில் மாவு போன்ற தூளும் தெரிந்தால் உள்ளே பூச்சி உயிரோடு இருக்கிறது.

எவ்வளவு மரம் வாங்குவது?

மேலே சொன்ன அளவுக்கு எல்லாம் சேர்த்து சுமார் 0.036 கன மீட்டர், ஏறத்தாழ ஒன்றேகால் கன அடி. அறுப்பு, இழைப்பு, விரிசல் கழிவு என்று கால் பங்காவது கூடுதலாக வாங்குங்கள். தேக்கு என்றால் முடிந்த மேசை 23 கிலோ அளவில் இருக்கும். வாங்கும் இடத்திலேயே இயந்திரத்தில் இழைத்து ஒரே கனத்துக்குக் கொண்டுவந்து தருவார்களா என்று கேளுங்கள். கையால் கனத்தைச் சமப்படுத்துவது புதியவருக்குச் சோர்வு தரும் வேலை. அந்த உழைப்பை மூட்டுக்கு மிச்சம் வைத்துக்கொள்ளுங்கள்.

என்னென்ன கருவி வேண்டும்?

பல் நெருக்கமான ஒரு கைரம்பம், டிரில், 8 மி.மீ. மரத்துளைப் பிட், 6 அல்லது 8 மி.மீ. உளி ஒன்றும் 20 மி.மீ. உளி ஒன்றும், கொட்டாப்புளி, மூலைமட்டம் (செங்கோணம் பார்க்கும் கருவி), அளவுநாடா, சிறிய இழைப்புளி, நான்கைந்து கிளாம்ப் (மரத்தை இறுக்கிப் பிடிக்கும் கருவி), உப்புத்தாள்.

இவற்றில் பணத்தைத் தாராளமாகச் செலவிட வேண்டியது மூலைமட்டத்தில். அது அரை டிகிரி கோணலாக இருந்தால் மேசை முழுவதும் கோணலாகும். சோதிப்பது எளிது: நேரான பலகை ஓரத்தில் அதை வைத்து ஒரு கோடு போடுங்கள், பிறகு மட்டத்தைப் புரட்டி அதே புள்ளியிலிருந்து இன்னொரு கோடு போடுங்கள். இரண்டும் ஒன்றின்மேல் ஒன்றாக விழ வேண்டும். விரிந்து போனால் வேறு மட்டம் வாங்குங்கள்.

உளியைத் தீட்டாமல் வேலையைத் தொடங்காதீர்கள். புதிதாக வாங்கிய உளிக்கும் தீட்டல் வேண்டும். மழுங்கிய உளியைப் பலம் கொடுத்துத் தள்ளும்போதுதான் கை நழுவும்.

காலையும் சட்டத்தையும் எப்படி இணைப்பது? நேராகத் திருகு போட்டால் போதாதா?

காலுக்கு வெளியிலிருந்து சட்டத்தின் முனைக்குள் திருகு போட்டால், அது குறுக்கே வெட்டுப்பட்ட முனைக்குள், நார் ஓடும் திசையிலேயே இறங்கும். அந்தத் திசையில் மரம் திருகைப் பலமாகப் பிடிக்காது. மேசையை ஒவ்வொரு முறை தள்ளும்போதும் திருகு தன் துளையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாக்கும். பிறகு ஆட்டம்தான்.

நல்ல வழி, சட்டத்தின் முனையை நாக்கு மாதிரி செதுக்கி, காலில் அதே அளவில் துளை போட்டுச் செருகிப் பசை வைப்பது. காலமெல்லாம் நின்ற மேசைகளைக் கவிழ்த்துப் பாருங்கள், பெரும்பாலும் இந்த மூட்டுதான் இருக்கும். பசை பிடிப்பதற்கு நாக்கின் இரு அகன்ற பக்கமும் கிடைக்கிறது, சாய்க்கும் விசையை நாக்கின் தோள், அதாவது நாக்கைச் சுற்றி நிற்கும் படி, தாங்கிக்கொள்கிறது. முடியாதவர்கள் மூட்டுக்கு இரண்டு வீதம் 10 மி.மீ. மரமுளை வைத்து ஒட்டலாம், அதுவும் மோசமில்லை. முளைத்துளை இரண்டு பக்கமும் இம்மி பிசகாமல் நேராக வர வேண்டும் என்பதுதான் அதில் சிக்கல். நாக்கு மூட்டில் கொஞ்சம் பிசகினாலும் சீவிச் சரிசெய்யலாம், முளையில் அது முடியாது. அதனால்தான் புதியவருக்கும் நாக்கு மூட்டையே சொல்கிறேன்.

அந்த நாக்கையும் துளையையும் போடுவது எப்படி?

நாக்கின் கனம் சட்டத்தின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு. நம் 2.5 செ.மீ. சட்டத்துக்கு 8 மி.மீ. நீளம் 3 செ.மீ. அகலத்தில் மேலே 2 செ.மீ., கீழே அரை செ.மீ. குறைத்து 6.5 ஆக்கிக்கொள்ளுங்கள். மேலே ஏன் இவ்வளவு என்றால், துளை காலின் உச்சி வரை போனால் உச்சி பிளந்துவிடும்.

எப்போதும் துளையை முதலில் போட்டு, நாக்கை அதற்கேற்பச் செதுக்குங்கள். நாக்கைச் சீவிக் குறைக்கலாம், துளையைச் சுருக்க முடியாது. காலில் கோடு போட்டு, 8 மி.மீ. பிட்டால் 3.2 செ.மீ. ஆழத்துக்கு வரிசையாகத் துளைகள் இடுங்கள். ஆழம் தெரிய பிட்டில் ஒரு துண்டு ஒட்டுநாடா சுற்றிக்கொள்ளலாம். துளைகளுக்கு நடுவே நிற்கும் மரத்தை உளியால் எடுத்துச் சுவரை நேராக்குங்கள். அந்தக் கூடுதல் 2 மி.மீ. ஆழம் பசை தேங்குவதற்கு.

ஒரே காலில் இரண்டு பக்கத்திலிருந்து இரண்டு துளை வருகிறதே, முட்டிக்கொள்ளாதா? சட்டம் காலின் நடுவில் வந்தால் முட்டும். சட்டத்தைக் காலின் வெளிமுகத்திலிருந்து அரை செ.மீ. மட்டும் உள்ளே தள்ளி வையுங்கள். அப்போது துளைகள் வெளிப்பக்கமாக நகர்ந்து, 3.2 செ.மீ. ஆழத்திலும் ஒன்றையொன்று தொடாது. வெளியிலிருந்து பார்க்கவும் அந்தச் சிறு படி அழகாக இருக்கும்.

நாக்கை அறுக்கும்போது ரம்பத்தைக் கோட்டின் கழிவுப் பக்கத்தில் ஓட்டுங்கள். ரம்பமே ஒன்று இரண்டு மில்லிமீட்டர் மரத்தைத் தின்னும். அப்புறம் உளியால் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவிப் பொருத்திப் பாருங்கள். கையால் அழுத்தினால் உள்ளே போக வேண்டும், தலைகீழாகப் பிடித்தால் விழக்கூடாது. கொட்டாப்புளியால் அடித்து ஏற்ற வேண்டியிருந்தால் இறுக்கம் அதிகம், கால் பிளக்கலாம். ஒவ்வொரு நாக்குக்கும் அதன் துளைக்கும் ஒரே எண் எழுதி வையுங்கள்.

பசை மட்டும் போதுமா? ஆணியும் வேண்டாமா?

நன்றாகப் பொருந்திய மூட்டில் மரவேலைக்கான வெள்ளைப் பசை மட்டுமே போதும். நார் நீளவாக்கில் ஓடும் இரண்டு முகங்கள் நெருங்கி உட்கார்ந்து பசை காய்ந்தால், பிறகு உடைத்துப் பார்த்தால் ஒட்டிய இடம் நிற்கும், பக்கத்து மரம் பெயரும். இடைவெளி இருந்தால் பசை அதை நிரப்பிப் பலம் தராது. மெல்லிய மரச்சீவலை நாக்கில் ஒட்டிக் கனம் கூட்டிவிட்டுத்தான் மூட்ட வேண்டும்.

பசை வைத்தபின் நேரம் குறைவு, பத்து நிமிடத்துக்குள் எல்லாம் இடத்தில் இருக்க வேண்டும். அதனால் ஒருமுறை பசையில்லாமல் முழுச் சட்டகத்தையும் கிளாம்ப் போட்டு ஒத்திகை பாருங்கள். பிறகு முதலில் இரண்டு குறுகிய பக்கங்களை மட்டும் ஒட்டுங்கள். அவை காய்ந்த பின் நீளச் சட்டங்களால் இணைக்கலாம். எட்டு மூட்டையும் ஒரே மூச்சில் ஒட்ட நினைத்தால் கடைசி மூட்டுக்குப் போவதற்குள் முதல் மூட்டின் பசை இறுகத் தொடங்கிவிடும். ஒரு மணி நேரத்தில் கிளாம்பை எடுக்கலாம். முழுப் பலத்துக்கு ஒரு நாள் விடுங்கள்.

சட்டகம் நேராக இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

கிளாம்ப் இறுக்கிய உடனே, பசை ஈரமாக இருக்கும்போதே, இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள். எதிரெதிர் மூலைத் தூரம் இரண்டும் சமமாக இருந்தால் செங்கோணம் சரி. ஒன்று நீளமாக இருந்தால் அந்த மூலைகளைச் சேர்த்து மெல்ல அழுத்துங்கள், கிளாம்பைச் சற்றுச் சாய்த்து வைத்தாலே சட்டகம் நகர்ந்து கொடுக்கும். அப்புறம் இரண்டு முனைகளிலும் நேரான குச்சியை ஒவ்வொன்றாக வைத்து, தாழ்ந்த கண்ணோடு ஒன்றின் மேலாக மற்றொன்றைப் பாருங்கள். இரண்டு குச்சியும் இணையாகத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் சட்டகம் முறுக்கியிருக்கிறது, பசை காய்வதற்குள் திருத்துங்கள்.

மேற்பலகைக்கு 60 செ.மீ. அகலப் பலகை கிடைக்கவில்லையே?

கிடைக்க வேண்டாம், கிடைத்தாலும் வேண்டாம். 12 முதல் 15 செ.மீ. அகலப் பலகைகள் நான்கைந்தைப் பக்கம் பக்கமாக ஒட்டினால் போதும், ஒரே அகலப் பலகையைவிட இது மட்டமாக நிற்கும்.

முதலில் பலகைகளை அடுக்கி, ரேகை கண்ணுக்கு இதமாக ஓடும்படி மாற்றி மாற்றி வைத்துப் பாருங்கள். இதற்கு அவசரப்பட வேண்டாம், மேசையின் அழகே இந்த அரை மணி நேரத்தில்தான் முடிவாகிறது. ஆண்டு வளையங்கள் ஒரு பலகையில் மேலும் அடுத்ததில் கீழும் வளைய வேண்டும் என்று சிலர் வலியுறுத்துவார்கள். என் கருத்தில், நன்றாகக் காய்ந்த மரத்துக்கு, கீழே சட்டகம் பிடித்திருக்கும்போது, எந்த முகம் அழகோ அதை மேலே வைப்பதே சரி. வரிசை முடிவானதும் எல்லாப் பலகைகளுக்கும் குறுக்காகச் சுண்ணக்கட்டியால் ஒரு பெரிய முக்கோணம் வரைந்துவிடுங்கள். பிறகு கலைந்தாலும் ஒரு பார்வையில் மறுபடி அடுக்கலாம்.

ஒட்டும் ஓரங்களை இழைப்புளியால் நேராக்கி, இரண்டு பலகையைச் சேர்த்துப் பிடித்து விளக்குக்கு எதிரே பாருங்கள். வெளிச்சம் கசியக்கூடாது. கிளாம்பை அழுத்தி இடைவெளியை மூடலாம் என்று நினைக்காதீர்கள். அந்த அழுத்தம் மூட்டிலேயே தங்கி, பிறகு ஒருநாள் திறந்துகொள்ளும். கிளாம்புகளை 25 செ.மீ.க்கு ஒன்றாக, ஒன்று மேலே ஒன்று கீழே என்று மாற்றி வையுங்கள், பலகை வில்லாக வளையாது. வழிந்த பசையை ஈரத்துணியால் தேய்த்துப் பரப்பாமல், ரப்பர் பதத்துக்கு வந்ததும் உளியால் சுரண்டி எடுங்கள்.

மேற்பலகையைச் சட்டத்தோடு இறுக்கித் திருகிவிட்டால் என்ன?

வெடிக்கும், அல்லது வில்லாக வளையும். மரம் அறுத்துக் காய்ந்த பின்னும் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டும் விட்டுக்கொண்டும் இருக்கும். நீளவாக்கில் அதன் மாற்றம் கண்ணுக்கே தெரியாது. அகலவாக்கில் அப்படி இல்லை. 60 செ.மீ. அகலத் தேக்குப் பலகையில் ஈரம் 4 சதவீதம் மாறினாலே அகலம் சுமார் 4 மி.மீ. மாறலாம். தேக்கு இதில் அடக்கமான மரம். பீச் போன்ற மரங்களில் இது ஏறக்குறைய இரண்டு மடங்கு. வார்னிஷ் பூசினால் மாற்றம் மெதுவாக நடக்கும், நிற்காது. திருகு பிடித்துக்கொண்டு நின்றால் பலகை தன் பலவீனமான இடத்தில் பிளந்துகொண்டு இடம் தேடும்.

ஆகவே பலகையைக் கீழே இழுத்துப் பிடிக்க வேண்டும், அகலவாக்கில் நகர விட வேண்டும். எளிய வழி இது. 2.5 × 2.5 செ.மீ. ரீப்பர்களைச் சட்டங்களின் உட்பக்கம், மேல் விளிம்பை ஒட்டித் திருகுங்கள். நீளச் சட்டங்களுக்கு நடுவே ஒரு குறுக்குச் சட்டமும் போட்டு, அதன் பக்கத்திலும் ரீப்பர் வையுங்கள். இந்த ரீப்பர்கள் வழியாகக் கீழிருந்து மேற்பலகைக்குத் திருகு ஏறும். குறுகிய பக்கங்களிலும் நடுக் குறுக்கிலும், சரியாக மேசையின் நடுக்கோட்டில் வரும் துளை மட்டும் வட்டமாக இருக்கட்டும், அது பலகையின் மையத்தைப் பிடித்துக்கொள்ளும். மற்ற எல்லாத் துளையும் மேசையின் அகலத் திசையில் 10 மி.மீ. நீண்ட துளை. இரண்டு துளை அடுத்தடுத்துப் போட்டு நடுவை எடுத்தால் நீள்துளை ஆகிவிடும். திருகுக்கு வாஷர் போட்டு, இறுகியதும் நிறுத்துங்கள், நசுக்க வேண்டாம். 4 செ.மீ. திருகு ரீப்பரைத் தாண்டிப் பலகைக்குள் 1.5 செ.மீ. ஏறும், மேலே இன்னும் 1 செ.மீ. மிச்சமிருக்கும்.

இதே காரணத்துக்காக மேற்பலகையின் அடியில் எங்கேயும் பசை தடவாதீர்கள். சட்டத்தின் மேல் விளிம்பில் ஒரு கோடு பசை வைத்தால் கூடுதல் பலம் என்று தோன்றும். அந்தக் கோடுதான் பின்னால் விரிசலாகும்.

திருகு போடும்போது மரம் பிளக்கிறது.

முன்துளை போடவில்லை. 4 மி.மீ. திருகுக்கு 3 மி.மீ. பிட்டால் முன்துளை இடுங்கள், கடினமான மரமானால் திருகின் மரையில் கொஞ்சம் மெழுகு தேயுங்கள். ஜிப்சம் சுவர்ப் பலகைக்கான கறுப்புத் திருகுகளை மேசைக்குப் பயன்படுத்த வேண்டாம். அவை வளையாமல் சட்டென்று முறியும்.

எல்லாம் முடிந்தும் மேசை ஆடுகிறதே?

முதலில் மேசையை இடம் மாற்றி வைத்துப் பாருங்கள், தரையின் குற்றமாகவும் இருக்கலாம். காலின் குற்றம்தான் என்றால், நீளமாகத் தெரியும் காலை மட்டும் அறுக்கக் கூடாது. ஒன்றை அறுத்ததும் மற்றொன்று தூக்கும், அதையும் அறுப்பீர்கள், மேசை குட்டையாகிக்கொண்டே போகும். மட்டமான ஒரு தளத்தில் மேசையை நிறுத்தி, தூக்கும் காலின் அடியில் மெல்லிய ஆப்பு வைத்து ஆட்டத்தை நிறுத்துங்கள். ஒரு தட்டையான மரத்துண்டின் மேல் பென்சிலைப் படுக்கவைத்து, அதைத் தரையோடு நகர்த்தி நான்கு காலையும் சுற்றிக் கோடு போடுங்கள். நான்கையும் அந்தக் கோட்டில் அறுத்தால் சரியாகிவிடும். பென்சில் துண்டின் உயரம் ஆப்பின் உயரத்தைவிடச் சற்று அதிகம் இருந்தால் போதும். அறுத்தபின் காலடியின் விளிம்புகளைச் சாய்வாகச் சீவிவிடுங்கள், இல்லாவிட்டால் மேசையை இழுக்கும்போது சிம்பு பெயரும்.

தேய்ப்பது, பூசுவது பற்றிச் சொல்லுங்கள்.

உப்புத்தாள் 80-இல் தொடங்கி 120, பிறகு 180. எப்போதும் ரேகை ஓடும் திசையிலேயே தேயுங்கள். குறுக்கே விழுந்த கீறல் பூசிய பிறகுதான் தெரியும். ஒரு எண்ணைத் தாண்டிக் குதித்தால் முதல் தாளின் கீறலை அடுத்த தாளால் எடுக்க முடியாது. கை படும் விளிம்புகளையெல்லாம் சற்று உருட்டிவிடுங்கள். கூரான விளிம்பில் பூச்சு தங்காது, குழந்தைகளுக்கும் ஆகாது.

தினமும் புழங்கும் மேசைக்கு பாலியூரித்தேன் வார்னிஷைச் சொல்வேன். மெல்லியதாக மூன்று பூச்சு, ஒவ்வொன்றுக்கும் நடுவே 220 தாளால் லேசாக ஒரு தடவல். எண்ணெய் பூசினால் மரத்தின் நிறம் ஆழமாகத் தெரியும், கீறல் விழுந்தாலும் அந்த இடத்தில் மட்டும் மறுபடி தடவிக்கொள்ளலாம், ஆனால் தண்ணீரை அவ்வளவாகத் தடுக்காது. அரக்குப் பாலிஷ் பார்க்க அருமை, சூடான பாத்திரமோ சாராயக் கலவையோ பட்டால் கெட்டுப்போகும்.

எதைப் பூசினாலும் மேற்பலகையின் அடிப்பக்கத்துக்கும் அதே எண்ணிக்கையில் பூசுங்கள். மேலே மட்டும் பூசினால் அடிப்பக்கம் ஈரத்தை வேகமாக வாங்கிவிடும், பலகை வளையும்.

ஆளி விதை எண்ணெய் போன்ற காயும் எண்ணெயைத் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடவே கூடாது. காயும்போது எண்ணெய் சூடு உண்டாக்கும். சுருட்டிய துணிக்குள் அந்தச் சூடு தேங்கித் தானாகவே தீப்பற்றும். விரித்து வெளியே காயப் போடுங்கள், அல்லது தண்ணீரில் முழுக வையுங்கள்.

மேற்பலகைக்கு பிளைவுட் போடலாமா?

தாராளமாக. அடுக்குகள் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டப்பட்டிருப்பதால் அது அநேகமாக உப்பாது, சுருங்காது. நீள்துளை வித்தை எதுவும் தேவையில்லை, நேராகத் திருகிக்கொள்ளலாம். 18 அல்லது 19 மி.மீ. கனம் போதும், நடுக் குறுக்குச் சட்டம் மட்டும் கட்டாயம். மேற்பலகை மெலிந்த அளவுக்குக் காலின் நீளத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். ஓரத்தில் மெல்லிய மரப்பட்டி ஒட்டி அடுக்குகளை மறையுங்கள். மேல் அடுக்கு மிகவும் மெல்லியது, தேய்க்கும்போது கை அடக்கமாக இருக்கட்டும்.

பழைய மரம், சரக்கு அட்டிப் பலகை பயன்படுத்தலாமா?

பழைய கதவு, நிலை மரம் கிடைத்தால் அதிர்ஷ்டம். வேண்டிய அளவு காய்ந்து நிலைத்துவிட்ட மரம் அது. காந்தம் வைத்துத் தடவி ஆணி இருக்கிறதா என்று பார்த்தபின்தான் ரம்பம் வைக்க வேண்டும். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம், அதை உப்புத்தாளால் தேய்த்துத் தூளாக்க வேண்டாம்.

சரக்கு அடுக்கும் அட்டிகளில் முத்திரை இருக்கும். நாடு விட்டு நாடு செல்பவற்றில் HT என்ற ஆங்கில எழுத்துகள் இருந்தால் வெப்பத்தால் பூச்சி நீக்கியது, பயன்படுத்தலாம். MB என்றிருந்தால் மெத்தில் புரோமைடு என்ற நச்சு வாயு செலுத்தப்பட்டது, வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள்.

பாதுகாப்புக்கு என்ன செய்ய வேண்டும்?

கண்ணாடியும் முகமூடியும் போடுங்கள். மரத்தூள் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. தேய்க்கும் வேலையைத் திறந்த இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சுழலும் கருவிகளில் வேலை செய்யும்போது கையுறை கூடாது, அது சிக்கிக் கையையும் இழுக்கும். உளி போகும் பாதையில் மற்றக் கை இருக்கவே கூடாது. மரத்தைக் கிளாம்பில் மாட்டிவிட்டு இரண்டு கையையும் உளியின் பின்னால் வையுங்கள்.

இதே மேசையை வெளியில் வைக்கலாமா?

இதே மாதிரியாக வேண்டாம். மேற்பலகையை ஒரே பரப்பாக ஒட்டாமல், 5 மி.மீ. இடைவெளி விட்டுத் தனித்தனிப் பட்டிகளாகத் திருகுங்கள், தண்ணீர் வடியட்டும். பசை நீர் தாங்கும் வகையாகவும் திருகு துருப்பிடிக்காததாகவும் இருக்க வேண்டும். காலடியின் வெட்டு முனைதான் தண்ணீரை உறிஞ்சும் வாய். அங்கே பூச்சை ஊறி நிற்கும்வரை திரும்பத் திரும்பத் தடவுங்கள்.

பல வருடம் கழித்து ஒரு மூட்டு தளர்ந்துவிட்டது. என்ன செய்வது?

மேலே புதிதாகப் பசை ஊற்றாதீர்கள், ஆணியும் அடிக்காதீர்கள். காய்ந்த பழைய பசையின் மேல் புதுப் பசை பிடிக்காது. ஆணி அடித்தால் அடுத்த முறை கழற்றவும் முடியாது. மேற்பலகையின் திருகுகளைக் கழற்றி எடுத்துவிட்டு, தளர்ந்த மூட்டை மெல்ல ஆட்டிப் பிரியுங்கள். பிரிய மறுத்தால் வெந்நீரில் நனைத்த துணியைச் சுற்றிச் சிறிது நேரம் வையுங்கள், வெள்ளைப் பசை இளகும். நன்றாகக் காயவிட்டு, நாக்கிலும் துளையிலும் உள்ள பழைய பசையை மரம் தெரியும்வரை சுரண்டுங்கள். நாக்கு மெலிந்திருந்தால் இரு பக்கமும் மெல்லிய சீவல் ஒட்டி, துளைக்கேற்பச் சீவி, புதுப் பசை வைத்து, மூலைவிட்டம் அளந்து, கிளாம்ப் போட்டு ஒரு நாள் விடுங்கள்.